'அட்ரினலின் ரஷ்' – எழுத்தில் சரியாகப் பயன்படுத்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறவர்களின் கட்டுரைகளையும் கதைகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தொடர் 'அட்ரினலின் ரஷ்'. திடீரென்று நெஞ்சு படபடக்க, உடம்பெல்லாம் முறுக்கேறுகிற அந்த எழுச்சியைச் சொல்வது. பேச்சில் எல்லோருக்கும் சரளமாக வந்துவிடுகிறது. எழுதும்போதுதான் ஓர் எழுத்து விடுபடுகிறது, ஒரு சின்னச் சொல் மாறிப்போகிறது, பல நேரம் தொடரே தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தத் தொடருக்கு உண்மையில் என்ன பொருள்?

அட்ரினலின் ஒரு ஹார்மோன். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லாய் கவிழ்த்ததுபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதியில் சுரக்கிறது. ஆபத்தோ போட்டியோ துணிச்சலான காரியமோ எதிரே வந்து நின்றால், மூளை நரம்பு வழியாக அந்தச் சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. ஹார்மோன் ரத்தத்தில் கலந்ததும் இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கண்ணின் பாப்பா பெரிதாகிறது, கல்லீரல் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. பயந்தவன் முகம் வெளிறுவதும் வயிற்றைப் பிசைவதுபோல இருப்பதும் இதனால்தான்.

'ரஷ்' என்பதை இங்கே அவசரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பாய்ச்சல். மதகைத் திறந்ததும் தண்ணீர் ஒரேயடியாகப் பாயுமே, அந்தப் பாய்ச்சல். ஆக, ஹார்மோன் உடம்பில் பாயும் அந்தக் கணத்தையும் அப்போது நமக்கு ஏற்படும் உணர்வையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தத் தொடர். மனசு நிறைந்திருப்பதை இது சொல்லாது. உடம்பில் நடப்பதைச் சொல்லும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

அட்ரினலின் என்று எழுதும்போது கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வருமா, வராதா?

வரும். பொதுவான எழுத்துக்கு 'ஈ'யோடு முடியும் வடிவம்தான் பாதுகாப்பானது. முதலெழுத்தும் சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும்.

'ஈ' இல்லாத வடிவமும் பல இடங்களில் தென்படுவதற்கு ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜோகிச்சி தகாமினே, 1900-01 வாக்கில், தன் உதவியாளர் கெய்சோ உவேனாகாவோடு சேர்ந்து இந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பார்க்-டேவிஸ் என்ற மருந்து நிறுவனம் அதை 'ஈ' இல்லாமல், பெரிய எழுத்தில் தொடங்கும் வணிகப் பெயராக விற்றது. அந்தப் பெயரின் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மருத்துவ எழுத்தில் இதே ஹார்மோனுக்கு 'எபிநெஃப்ரின்' என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஜேக்கப் ஏபல் 1890களின் இறுதியில் வைத்த பெயர் அது. 'அட்ரினலின்' லத்தீனிலிருந்து வந்தது, 'எபிநெஃப்ரின்' கிரேக்கத்திலிருந்து. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: சிறுநீரகத்தின் மேல் இருப்பது, அதை ஒட்டி இருப்பது. ஒரே பொருளை இரண்டு பழைய மொழிகள் வேறு வேறு சொல்லால் சொல்லி, இரண்டும் இன்றுவரை பிழைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

ஆனால் 'எபிநெஃப்ரின் ரஷ்' என்று யாரும் எழுதுவதில்லை. உணர்ச்சியைச் சொல்லும் தொடரில் அமெரிக்கர்களும் 'அட்ரினலின்'தான் எழுதுகிறார்கள்.

'அட்ரினல் ரஷ்' என்று எழுதினால் தவறா?

தவறு. 'அட்ரினல்' சுரப்பிக்கு முன்னால் வரும் பெயரடை. பாய்வது ஹார்மோன், சுரப்பி இல்லை.

முன்னால் 'ஏ' போட வேண்டுமா, 'அன்' போட வேண்டுமா?

'அன் அட்ரினலின் ரஷ்'. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குவதால் 'அன்'. திருப்பிப் போட்டால் 'ஏ ரஷ் ஆஃப் அட்ரினலின்' ஆகிவிடும், ஏனென்றால் இப்போது அடுத்து வருவது 'ரஷ்'.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'ரஷ்' எண்ணக்கூடியது, ஒரு ரஷ், இரண்டு ரஷ் என்று சொல்லலாம். 'அட்ரினலின்' தண்ணீரைப் போல எண்ண முடியாதது. அதனால் 'ஐ ஃபெல்ட் அன் அட்ரினலின்' என்று எழுதினால், ரஷ் என்ற சொல்லை விழுங்கிவிட்டீர்கள் என்று பொருள். 'ஐ ஃபெல்ட் த அட்ரினலின்' என்றால் சரி. 'அட்ரினலின்ஸ்' என்று பன்மையில் எழுதவே கூடாது.

எந்த வினைச்சொல்லோடு சேர்க்க வேண்டும்?

ஆளை எழுவாயாக வைத்தால் 'கெட்', 'ஃபீல்', 'ஹேவ்', கொஞ்சம் விறைப்பான நடையில் 'எக்ஸ்பீரியன்ஸ்'. செயலை எழுவாயாக வைத்தால் 'கிவ்'. 'ஸ்பீக்கிங் ஆன் ஸ்டேஜ் கிவ்ஸ் ஹெர் அன் அட்ரினலின் ரஷ்' என்பது இயல்பான வாக்கியம்.

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் 'கேம்'. தமிழில் பயம் வரும், கோபம் வரும், சிரிப்பு வரும். உணர்ச்சி எல்லாமே 'எனக்கு வந்தது'தான். அந்தப் பழக்கத்தில் 'அன் அட்ரினலின் ரஷ் கேம் டு மீ' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்குப் புரியும், ஆனால் காதில் இடறும். ஆங்கிலத்தில் நான் அதை அடைகிறேன், உணர்கிறேன். அது என்னைத் தேடி வருவதில்லை. வரும்படியாகவே எழுத ஆசைப்பட்டால் 'ஹிட்' இருக்கிறது: 'த அட்ரினலின் ஹிட் மீ'. 'கிக்ட் இன்' என்பதும் நன்றாகப் பொருந்தும். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொள்வதுபோல, அட்ரினலின் வேலை செய்யத் தொடங்கிய கணத்தைச் சொல்லும்.

'அட்ரினலின் ரஷ்', 'ரஷ் ஆஃப் அட்ரினலின்' – இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?

பொருளில் இல்லை, தொனியில் கொஞ்சம் உண்டு. முதலாவது பேச்சுக்கு நெருக்கம். 'அந்த மாதிரி அனுபவம்' என்று வகை பிரித்துச் சொல்லும்போது இயல்பாக வரும். இரண்டாவது ஒரு குறிப்பிட்ட கணத்தை எழுதும்போது நன்றாக இருக்கும். பெயரடை சேர்க்கவும் அது தோதானது: 'ஏ சடன் ரஷ் ஆஃப் அட்ரினலின்' என்பது தட்டாமல் ஓடும். ஆனால் ரஷ் என்றாலே திடீர்தான் என்பதால் அந்த 'சடன்' தேவையா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் அடித்துவிடுவேன். 'சர்ஜ் ஆஃப் அட்ரினலின்' என்றும் எழுதலாம். அது ஓரளவு கனமான சொல். செய்திக் கட்டுரைக்கு ஒத்துவரும்.

பின்னால் 'ஃப்ரம்' வருமா, 'ஆஃப்' வருமா?

இரண்டும் வரும். 'ஷி காட் அன் அட்ரினலின் ரஷ் ஃப்ரம் த ஜம்ப்' என்றால் குதித்ததால் கிடைத்தது. 'த அட்ரினலின் ரஷ் ஆஃப் ஜம்பிங்' என்றால் குதிப்பதில் இருக்கிற அந்த எழுச்சி. முதலாவது காரணம், இரண்டாவது தன்மை. 'ஃபார்', 'அபௌட்' இரண்டும் வராது. சந்தேகமாக இருந்தால் 'வென்' போட்டு முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள், எந்தச் சிக்கலும் இல்லை.

'ஐ வாஸ் இன் அன் அட்ரினலின் ரஷ்' என்று எழுதலாமா?

வேண்டாம். 'இன் ஏ ரஷ்' என்றால் ஆங்கிலத்தில் அவசரத்தில் இருப்பது. 'ஐ வாஸ் இன் ஏ ரஷ்' என்று படித்ததும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்தான் மனதில் வருவார். 'இன்' போட்டாலே அந்த நிழல் விழுந்துவிடும்.

அப்புறம், 'ஹெட் ரஷ்' என்பது வேறு. உட்கார்ந்திருந்தவர் சட்டென எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருமே, அது. 'சுகர் ரஷ்' இனிப்பு சாப்பிட்டதும் வருவதாகச் சொல்லப்படும் துள்ளல். 'கோல்ட் ரஷ்' தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக ஓடுவது. எல்லாவற்றிலும் பாய்ச்சல் இருக்கிறது, பாய்வது எது என்பதுதான் வேறு.

சந்தோஷமான எந்த விஷயத்துக்கும் இதைப் பயன்படுத்தலாமா?

என்னிடம் வரும் எழுத்தில் பாதிப் பிழை இங்கேதான் இருக்கிறது. இலக்கணம் சரியாக இருக்கும், எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும், தொடர் இருக்கும் இடம் தவறாக இருக்கும்.

ஒரு மாணவி கடற்கரையில் பார்த்த சூரிய அஸ்தமனத்தைப் பற்றி எழுதியிருந்தார். வானத்தின் நிறங்களை நன்றாக வர்ணித்துவிட்டுக் கடைசி வரியில், அந்தக் காட்சி தனக்கு 'அட்ரினலின் ரஷ்' கொடுத்தது என்று முடித்திருந்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன்றும் செய்யவில்லை, மணலில் ஊன்றியிருந்தேன்" என்றார். "கால்?" "நீட்டியிருந்தேன்." அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. மணலில் கையை ஊன்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற உடம்பில் அட்ரினலின் பாயவில்லை. அவருக்குக் கிடைத்தது அமைதி, பிரமிப்பு, நெஞ்சு நிறைவு. அதற்கு ஆங்கிலத்தில் 'ஆ' (awe) என்று நீட்டி ஒலிக்கும் ஒற்றை அசைச் சொல் ஒன்று இருக்கிறது, வியப்பும் மரியாதையும் கலந்தது. ஆனால் அவர் அதையும் போடவில்லை. கை மணலில் புதைந்திருந்ததையே கடைசி வரியாக எழுதினார். கட்டுரை சட்டென்று உயிர் பெற்றது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் இந்தக் கைக் கேள்வியைத்தான் கேட்கிறேன். கை நடுங்கியதா, எதையாவது இறுகப் பிடித்ததா, வேர்த்ததா? அப்படியென்றால் தொடரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கை சும்மா இருந்தால் வேறு சொல் தேட வேண்டும்.

பட்டம் வாங்கியது, நல்ல வேலை கிடைத்தது, நண்பருக்குக் குழந்தை பிறந்தது இவையெல்லாம் மகிழ்ச்சி. 'ஐ வாஸ் த்ரில்ட்', 'ஐ வாஸ் ஓவர்ஜாய்ட்', பேச்சு நடையில் 'ஐ வாஸ் ஓவர் த மூன்'. ஆனால் அதே தேர்வு முடிவுப் பக்கம் திறப்பதற்கு முந்தைய பத்து நொடிகள் இருக்கின்றன பாருங்கள்: பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, விரல் மறுபடி மறுபடி திரையைத் தட்டுகிறது, காதுக்குள் இதயம் அடிக்கிறது. அந்தப் பத்து நொடிக்கு 'அட்ரினலின் ரஷ்' கச்சிதம். முடிவு தெரிந்த பிறகு வருவதற்கு இல்லை. ஒரே சம்பவத்திலேயே ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் பொருந்தாது.

பயத்துக்கும் பயன்படுத்தலாமா? அது சந்தோஷமான தொடர் என்றல்லவா நினைத்தேன்?

பயன்படுத்தலாம். உடம்பைப் பொறுத்தவரை பயத்துக்கும் வீரத்துக்கும் ஆரம்பம் ஒன்றுதான். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915இல் இதை விளக்கும்போது, உயிரைக் காக்க எதிர்த்து நிற்பதா தப்பி ஓடுவதா என்ற நிலைக்கு உடம்பு தயாராவதாகச் சொன்னார். 'ஃபைட் ஆர் ஃப்ளைட்' என்ற புகழ்பெற்ற தொடர் அங்கிருந்து வந்தது. நாய் துரத்தும்போது ஓடுகிறவனுக்கும் ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பவனுக்கும் பாய்வது அதே ஹார்மோன்.

ஆனாலும் பழக்கத்தில் 'ரஷ்' என்ற சொல்லுக்கு ஒரு சுகமான வாடை ஏறிவிட்டது. அதனால் உண்மையான துயரத்தை எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதை எழுதுகிறீர்கள் என்றால், 'அட்ரினலின் ரஷ்' கிடைத்தது என்ற சொல் நீங்கள் அதை ரசித்ததுபோலத் தொனிக்கும். 'ஐ வாஸ் ரன்னிங் ஆன் அட்ரினலின்' என்றால் அந்த வாடை இல்லை. சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் அந்தப் பதற்றத்தின் பலத்திலேயே இயங்கினேன் என்று பொருள்படும்.

நாள் முழுக்க அட்ரினலின் ரஷ் இருந்தது என்று எழுதலாமா?

முடியாது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ரஷ் என்பது ஒரு கணம், மிஞ்சினால் சில நிமிடங்கள். நாள் முழுக்க நீடித்த பரபரப்புக்கு மேலே சொன்ன 'ரன்னிங் ஆன் அட்ரினலின்' இருக்கிறது. அல்லது வெறுமனே 'எக்ஸைட்மென்ட்' போதும்.

'ஐ ஆம் எக்ஸைட்டிங்' என்பதும் இதே பொருள்தானே?

இல்லை. அப்படி எழுதினால் 'என்னைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பரபரப்பு வரும்' என்றாகிவிடும். நீங்கள் பரபரப்பாக இருந்தால் 'எக்ஸைட்டட்', பரபரப்பு ஊட்டும் விஷயம் 'எக்ஸைட்டிங்'.

புல்லரிப்பு, வயிற்றில் பட்டாம்பூச்சி, முதுகுத்தண்டில் சிலிர்ப்பு – ஆங்கிலத்தில் இவற்றையெல்லாம் இதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஆனால் ஒரே வீடு இல்லை.

'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' என்பது ஒன்று நடப்பதற்கு முன்னால் வரும் பதைப்பு. மேடை ஏறக் காத்திருக்கும்போது பட்டாம்பூச்சி, பெயரைக் கூப்பிட்டதும் அட்ரினலின். 'கூஸ்பம்ப்ஸ்' தோலில் மயிர்க்கால்கள் எழும்புவது. குளிரிலும் வரும், நல்ல பாட்டைக் கேட்டாலும் வரும். உட்கார்ந்த இடத்திலேயே அதை அனுபவிக்கலாம் என்பதுதான் அட்ரினலின் ரஷ்ஷோடு உள்ள பெரிய வேறுபாடு. பிரிட்டனில் அதையே 'கூஸ் பிம்பிள்ஸ்' என்றும் எழுதுவார்கள். 'ஷிவர்ஸ் டவுன் மை ஸ்பைன்' பெரும்பாலும் பயம், சில நேரம் ஆழ்ந்த அழகு. எதுவென்று சூழல்தான் சொல்ல வேண்டும் என்பதால், சுற்றியுள்ள வாக்கியங்களைத் தெளிவாக எழுதிவிட்டு அதைப் போடுங்கள்.

கதையில் எழுதும்போது எப்படிக் கையாள்வது?

முடிந்தவரை தொடரை ஒளித்து வையுங்கள், உடம்பைக் காட்டுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒருவர் எழுதிய பத்தியின் சாரம் இது: 'நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென ஒரு குழந்தை சாலையில் ஓடியது. எனக்கு அட்ரினலின் ரஷ் ஏற்பட்டது. உடனே பிரேக் போட்டேன். குழந்தை தப்பித்தது.' ஆங்கிலத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வரிசை தவறு. நிஜத்தில் எவருக்கும் முதலில் உணர்ச்சி தெரிந்து அதற்கப்புறம் கால் போகாது. கால் முதலில் போய்விடும். என்ன நடந்தது என்று மனசுக்குப் புரிவதற்குள் வண்டி நின்றிருக்கும். உடம்பில் ஓடியது தெரிவது அதற்கும் பிறகுதான்.

திருத்திய வடிவத்தில் முதலில் பந்து உருண்டு வந்தது. அதன் பின்னால் குழந்தை. அடுத்த வாக்கியத்திலேயே வண்டி நின்றுவிட்டது, இடையில் ஒரு சொல்லும் இல்லை. குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனது. ஓட்டியவர் வண்டியை மறுபடி கிளப்பச் சாவியைத் திருப்பப் போகும்போதுதான் தன் விரல்கள் நடுங்குவதைப் பார்க்கிறார். சாவி இரண்டு முறை வழுக்குகிறது. 'அட்ரினலின்' என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் படிக்கிறவர் கையும் கொஞ்சம் நடுங்கும்.

ஓரிடத்தில் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அந்தச் சாவிக்கு அப்புறம் சொல்லலாம். உச்சக் கணத்தில் பெயர் வைத்தால் வேகம் தடைபடும்; அடங்கிய பிறகு பெயர் வைத்தால் அது பாத்திரத்தின் சொந்த எண்ணமாகத் தோன்றும். உரையாடலில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். மனிதர்கள் பேசும்போது இந்தத் தொடரைச் சொல்கிறார்கள், கதைமாந்தரும் சொல்லட்டும்.

நடுவில் கோடு போட்டு எழுதும் வடிவங்கள்?

தொடரைப் பெயர்ச்சொல்லாக எழுதும்போது கோடு வேண்டாம். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடையாக வரும்போது கோடு வேண்டும்: 'அட்ரினலின்-ஃப்யூவல்ட் சேஸ்', 'அட்ரினலின்-பம்ப்பிங் ரைட்'. 'ஃப்யூவல்ட்' என்பதில் பிரிட்டிஷ் முறையில் இரண்டு 'எல்', அமெரிக்க முறையில் ஒன்று. எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்திருங்கள்.

வேலை விண்ணப்பத்தில் எழுதலாமா?

நான் எழுத விடமாட்டேன். 'கெடு நெருங்கும்போது எனக்கு அட்ரினலின் ரஷ் கிடைக்கிறது' என்று எழுதினால், கடைசி நிமிடம்வரை வேலையைத் தள்ளிப்போடுகிறவர் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். 'ஐ வர்க் வெல் அண்டர் ப்ரெஷர்' என்பது பழைய தொடர்தான், ஆனால் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்கிறது. அதோடு அப்படி வேலை செய்த ஒரு சந்தர்ப்பத்தையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

அறிவியல் கட்டுரையில்?

அங்கே 'ரஷ்' கூடாது. 'அட்ரினலின் ரிலீஸ்' அல்லது 'அட்ரினலின் செக்ரீஷன்'. அமெரிக்க இதழுக்கு என்றால் 'எபிநெஃப்ரின்'. அதோடு, முதல் துடிப்பு எகிறுவதற்கு ஹார்மோன் மட்டும் காரணமில்லை. இதயத்துக்கு நேரே போகும் நரம்புகள் அதைவிட வேகமாக வேலை செய்கின்றன. அறிவியலாக எழுதும்போது எல்லாப் பெருமையையும் அட்ரினலினுக்கே கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவரை 'அட்ரினலின் ஜங்கி' என்று எழுதுவது மரியாதைக் குறைவா?

'ஜங்கி' என்பது போதைக்கு அடிமையானவரைக் குறிக்கும் கொச்சைச் சொல். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் குற்றமில்லை. இன்னொருவரைப் பற்றி, அதுவும் அவருடைய அறிமுகக் குறிப்பில் எழுதும்போது 'த்ரில்-சீக்கர்' என்று எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது இதை எப்படிச் சொல்வது?

இயந்திர மொழிபெயர்ப்பில் 'அட்ரினலின் அவசரம்' என்று வரக்கூடும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், மனசு கேட்காது. 'அட்ரினலின் ரஷ்' என்று தமிழ் எழுத்தில் எழுதலாம். பேச்சில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் தமிழிலேயே இதற்கு இருக்கும் வளத்தைப் பார்த்தால், கடன் வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை என்று தெரியும்.

நெஞ்சு திக்கென்றது என்றால் எதிர்பாராத பயம். கைகால் வெலவெலத்தது என்றால் அந்தப் பயத்தில் பலம் கழன்றுபோனது. உடம்பு முறுக்கேறியது என்றால் எதிர்த்து நிற்கத் தயாராகிவிட்டது. ரத்தம் சூடேறியது என்றால் அதில் கோபமும் கலந்திருக்கிறது. ஜிவ்வென்று ஏறியது என்றால் சுகம். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணம். படபடப்பு என்றால் இன்னும் எதுவும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது. மெய்சிலிர்த்தது என்றால் வியப்பு. ஆங்கிலத் தொடர் இவை எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. தமிழ் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறது. அதனால் மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, 'இந்த ஆளுக்கு இப்போது வந்தது எது?' என்பதுதான். பதில் தெரிந்தால் சொல் தானாக வரும்.

உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதைப் பற்றி நம் மொழி வெகுகாலமாக யோசித்திருக்கிறது. தொல்காப்பியம் இதற்கு மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே ஒதுக்கி, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகப் பிரிக்கிறது. மெய் என்றால் உடம்பு. உடம்பின்மேல் தோன்றுவது மெய்ப்பாடு. நான் கைக் கேள்வி கேட்கும்போதெல்லாம் இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தொடர் தேய்ந்துபோனது, எழுதவே கூடாது என்கிறார்களே?

தேய்ந்ததுதான். விளம்பரங்கள் அதை அதிகமாகவே தேய்த்துவிட்டன. அதற்காக அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரையில் ஒருமுறை, உடம்பு உண்மையிலேயே துள்ளிய இடத்தில் வந்தால் யாருக்கும் உறுத்தாது. இரண்டாவது முறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இரண்டையும் மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் பள்ளம் விழுந்தாற்போல இருக்கிறதோ அங்கே மட்டும் திருப்பி வையுங்கள். கூடவே ஆச்சரியக்குறி வேண்டாம்.

எல்லாம் அடங்கிய பிறகு வரும் அந்தச் சோர்வுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?

'த அட்ரினலின் வோர் ஆஃப்' என்பதுதான் எல்லா நடைக்கும் பொருந்துவது. 'வேர் ஆஃப்' என்ற வினை மருந்தின் வேகம் மெல்ல மெல்லக் குறைவதற்கும் பயன்படுவது. அதனால் இங்கே நன்றாக உட்காருகிறது. 'அட்ரினலின் க்ராஷ்' என்றும் சொல்கிறார்கள், ஆனால் அது பேச்சு வழக்கு. கட்டுரையில் வேண்டாம், கடிதத்திலும் உரையாடலிலும் இருக்கட்டும். அந்தக் கார் ஓட்டிய கதையில்கூட இதற்கு ஓர் இடம் இருந்தது. வீடு வந்து சேர்ந்து, வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பெல்ட்டைக் கழற்றக்கூடக் கை எழவில்லை. எழுதியவர் அங்கே 'த அட்ரினலின் ஹேட் வோர்ன் ஆஃப்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அதை நான் தொடவில்லை.